நள்ளிரவில் ஒலிக்காத அழைப்பு: கைபேசியின் ஒலி, அறிவிப்பு அமைப்புகள் குறித்த உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நடுச்சாமம்:

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் ஓர் இரவில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்கு வந்து சேர்ந்து, வேறோர் ஊரில் இருக்கும் என்னை அழைத்திருக்கிறார். அப்போது மணி 2.14. என் கைபேசி ஒலிக்கவில்லை. பிள்ளை அசந்து தூங்குகிறான் போலும், சற்று நேரம் போகட்டும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, 2.36-க்கு மீண்டும் அழைத்திருக்கிறார். அப்போதும் ஒலிக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொண்டார். நல்லவேளையாக எலும்பு முறிவு இல்லை, கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. காலையில் எழுந்து, தவறிய அழைப்புகள் இரண்டையும் திரையில் பார்த்தபோது மனம் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை; எங்கே தவறினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது ஆண்ட்ராய்டு கைபேசி. இரவு பத்தரை முதல் காலை ஆறு வரை 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்னும் பயன்முறை தானாகவே இயங்கும்படி ஓராண்டுக்கு முன்பு அமைத்திருந்தேன். வீட்டாரின் அழைப்புகள் மட்டும் அதைத் தாண்டி ஒலிக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்னவென்று அன்று காலை தேடியபோதுதான், விதிவிலக்குப் பகுதியில் அழைப்புகளுக்கு நேரே 'நட்சத்திரமிட்ட தொடர்புகள்' என்பது தேர்வாகியிருப்பதைக் கண்டேன். நட்சத்திரப் பட்டியலைத் திறந்தால், எப்போதோ ஒரு பயணத்திற்காகக் குறித்துவைத்த வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவர் மட்டும் அதில் இருந்தார். ஓராண்டு காலமாக நள்ளிரவில் என்னை எழுப்பும் உரிமை அவர் ஒருவருக்கே இருந்திருக்கிறது!

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாம் முறையாக அழைப்பு வந்தால், அந்த இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். அது என் கைபேசியில் இயக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் இரண்டு அழைப்புகளுக்கும் இடையே 22 நிமிடங்கள் கடந்துவிட்டன. அவசரம் என்றால் மனிதர்கள் அடுத்தடுத்து அழைப்பார்கள் என்ற கணக்கில் வைக்கப்பட்ட ஏற்பாடு அது; பிள்ளையின் தூக்கம் கெடுமே என்று தயங்குகிற அம்மாக்கள் அந்தக் கணக்கில் அடங்குவதில்லை.

இதுபோல் ஒலியை அடக்கப்போய் அவதிப்பட்டவர்கள், பின்னர் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

இரவுப்பணி:

ஐயா, அம்மா நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மீண்டும் அழைப்பவரை அனுமதிக்கும் அந்த வசதி அதிலும் இருக்கிறது, ஆனால் அதற்கான இடைவெளி மூன்று நிமிடங்கள்தான். உங்கள் அம்மாவின் அழைப்பு அங்கேயும் ஒலித்திருக்காது.

நான் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவுப்பணி என்பதால் பகலில்தான் தூங்குவேன். கைபேசியை அமைதி நிலையில் வைத்தாலும் கடிகாரச் செயலியின் அலாரம் அடித்தே தீரும் என்பது எனக்குத் தெரியும்; அது உண்மையும்கூட. ஆனால் அலாரம் எவ்வளவு உரக்க அடிக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. என் ஐபோனில் அழைப்பு மணிக்கும் அலாரத்திற்கும் ஒரே அளவுக் கோடுதான். பக்கவாட்டுப் பொத்தான்களால் அந்த அளவை மாற்றலாம் என்ற தெரிவும் இயக்கத்தில் இருந்தது. அந்தத் தெரிவு இருந்தால், பாட்டோ காணொளியோ ஓடாத நேரத்தில் பொத்தானைத் தொட்டாலும் மணியின் அளவுதான் குறையும். ஒருநாள் மதியம் என் மகள் ஏதோ விளையாடிவிட்டுப் பொத்தானைக் கீழே வரை அழுத்திக் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்திருக்கிறது, கொசு முனகுவதைப் போல. நான் எழுந்தபோது மணி 6.50. பணிநேரம் ஏழு.

அன்று இரவே அந்தத் தெரிவை அணைத்தேன். அதோடு, தூக்க அட்டவணையில் வைக்கும் விழிப்பு அலாரத்திற்குத் தனியாக ஓர் அளவுக் கோடு இருப்பதையும் கண்டுகொண்டு, பணிநாட்களில் அதையே பயன்படுத்துகிறேன். மணி ஒலிக்கத் தொடங்கியதும் நாம் திரையைப் பார்த்தால் கைபேசி தானே ஒலியைத் தணித்துக்கொள்ளும் வசதி ஒன்றும் உண்டு; முகத்தை அடையாளம் காணும் மாதிரிகளில் அது இருக்கிறது. அரைத்தூக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஆகாது என்று அதையும் அணைத்துவிட்டேன்.

ஐபோனில் குறிப்பிட்ட ஒருவரின் அழைப்பு எந்த நிலையிலும் ஒலிக்க வேண்டுமானால், தொடர்பு அட்டையைத் திருத்தும் இடத்தில், அவருடைய ரிங்டோனைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் 'எமர்ஜென்சி பைபாஸ்' என்று இருப்பதை இயக்க வேண்டும். அமைதி நிலையையும் மீறி ஒலிக்கும் என்பதால் யாருக்கு அதைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுங்கள். என் தம்பிக்குக் கொடுத்திருந்தேன். ஒரு துக்க வீட்டில், எல்லாரும் தலைகுனிந்து நின்றிருந்த நேரத்தில், கிரிக்கெட்டில் யார் வென்றார்கள் என்று சொல்வதற்காக அவன் அழைத்தான்.

வெண்பலகை:

என்னுடையது சிறிய அனுபவம். ஆசிரியர் கூட்டத்திற்குள் நுழையுமுன் ஒலியளவுப் பொத்தானை அடிவரை அழுத்திவிட்டுச் சட்டைப்பையில் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் முழுச் சத்தத்துடன் ஒலித்தது. பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்தப் பொத்தான் அழைப்பு மணியைக் குறைக்கும் என்பது கைப்பழக்கமாகிவிட்டது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் அதே பொத்தான் பாட்டு, காணொளி ஆகியவற்றின் ஒலியளவைத்தான் மாற்றுகிறது. பொத்தானைத் தொட்டதும் திரையின் ஓரத்தில் தோன்றும் கோட்டுக்கு அருகே ஒரு மணிச் சின்னம் வரும். அதைத் தட்டினால்தான் அழைப்பு மணி அதிர்வுக்கோ அமைதிக்கோ மாறும். இப்போதெல்லாம் சின்னத்தைக் கண்ணால் பார்க்காமல் கைபேசியைப் பையில் போடுவதில்லை.

வழித்துணை:

முதலில் எழுதிய நண்பர் அழைப்பைப் பற்றிச் சொன்னார். நான் அறிவிப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என்னை மாட்டிவிட்டது அதுதான்.

பயணச்சீட்டுப் பதிவு செய்யும் ஒரு செயலியை வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். தள்ளுபடி, பண்டிகைச் சலுகை, 'உங்களைக் காணோமே' என்ற உருக்கம் என நாளொன்றுக்கு நான்கைந்து அறிவிப்புகள் வரும். ஒருநாள் எரிச்சலில் அந்தச் செயலியின் அறிவிப்புகளை ஒட்டுமொத்தமாக அணைத்தேன். அடுத்த மாதமே நான் போக வேண்டிய பேருந்து 40 நிமிடங்கள் முன்கூட்டியே புறப்படும் என்று நேரத்தை மாற்றி, அதை அறிவிப்பாக மட்டும் அனுப்பியிருந்தார்கள். நான் நிறுத்தத்திற்குப் பெட்டியுடன் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பேருந்து போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. குறுஞ்செய்தியாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்டதற்கு, 'அறிவிப்பை நீங்கள்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்' என்றார்கள். அந்தப் பதிலை என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் கூடுதல் எரிச்சல்.

ஒரு செயலியின் அறிவிப்பு என்பது ஒரே குழாய் அன்று என்பது எனக்கு அதற்குப் பிறகே தெரிந்தது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகை பிரித்து வைக்க வேண்டும். பயண விவரம் ஒரு வகை, விளம்பரம் ஒரு வகை, பணம் செலுத்தியதற்கான சான்று ஒரு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒலி, அதிர்வு, பூட்டுத் திரையில் தெரிவது, தெரியாமலிருப்பது எல்லாவற்றையும் தனித்தனியாக அமைக்கலாம். அமைப்புகளுக்குள் போய்த் துழாவ வேண்டியதே இல்லை: தொல்லை தரும் அறிவிப்பு வந்து நிற்கும்போதே அதன்மீது விரலை அழுத்திப் பிடித்தால், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பெயருடன் காட்டும், அந்த வகையை மட்டும் அங்கேயே ஓசையற்றதாக்கலாம், அல்லது முற்றிலும் நிறுத்தலாம். இதற்கு ஆகும் நேரம் நான்கு விநாடி. நான் ஒட்டுமொத்தமாக அணைத்ததற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

ஒரு குறை உண்டு. சில நிறுவனங்கள் விளம்பரத்தையும் அவசியத் தகவலையும் வேண்டுமென்றே 'பொது' என்ற ஒரே வகைக்குள் போட்டு அனுப்புகின்றன. விளம்பரத்தை நிறுத்தினால் தகவலும் நிற்கும் என்ற பயத்திலேயே நாம் பொறுத்துக்கொள்வோம் என்பது அவர்களுடைய கணக்கு. அத்தகைய செயலிகளை நான் இப்போது வைத்துக்கொள்வதில்லை. தேவைப்படும் நாளில் நிறுவி, வேலை முடிந்ததும் நீக்கிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு அனுப்ப நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்பதால் இது முன்பைவிட எளிதாகிவிட்டது.

கை தவறித் தள்ளிவிட்ட அறிவிப்பை மீண்டும் பார்க்க 'அறிவிப்பு வரலாறு' என்ற பகுதி இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்தில் வந்தவை அதில் கிடக்கும். ஆனால் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். தேவை வந்த பிறகு போய் இயக்கினால் வெறும் பக்கம்தான் தெரியும். நானும் அந்த வெறும் பக்கத்தைப் பார்த்தவன்தான்.

ஓசையின்றி:

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றுகிறது. நான் மூன்று ஆண்டுகளாகக் கைபேசியை முழு அமைதியில் வைத்து, மணிக்கொரு முறை நானே எடுத்துப் பார்க்கிறேன். நிம்மதியாக இருக்கிறது.

இரவுப்பணி:

நம்மை நம்பி வயதானவரோ குழந்தையோ இல்லாதவரைக்கும் அந்த முறை சரிதான். முழு அமைதி என்ற நிலையில் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அலாரமும் அடங்கிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்கலம்:

ஒலி அமைப்புகள் அத்தனையும் சரியாக இருந்தும் எனக்குச் செய்திகள் வராமல் இருந்தன. திரையைத் திறந்த அந்தக் கணத்தில் ஏழெட்டுச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ரிங்டோனை மாற்றினேன், அதிர்வை இயக்கினேன், செயலியை நீக்கி மீண்டும் நிறுவினேன், எதுவும் பலிக்கவில்லை. காரணம் மின்சேமிப்பில் இருந்தது. மின்னேற்றியில் இணைக்காமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைபேசி, பின்னணியில் இருக்கும் செயலிகளின் இணையத் தொடர்பைத் தள்ளிப்போடும் ஏற்பாடு ஆண்ட்ராய்டில் 2015 முதலே இருக்கிறது. அதற்கு மேல், கைபேசியைத் தயாரிப்பவர்கள் தங்கள் பங்குக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைப்பதும் உண்டு. செயலியின் விவரப் பக்கத்தில் பேட்டரி என்ற பகுதிக்குப் போய், அந்த ஒரு செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கியதும் சரியாகிவிட்டது. எல்லாச் செயலிகளுக்கும் நீக்கினால் மாலைக்குள் கைபேசி படுத்துவிடும்.

நடுச்சாமம்:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஒருவாறு சரிசெய்துவிட்டேன். நட்சத்திரப் பட்டியலில் இருந்து ஓட்டுநரை விடுவித்து, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, என் தங்கை ஆகிய மூவரைச் சேர்த்தேன். அத்துடன் விட்டிருந்தால் மறுபடியும் ஏமாந்திருப்பேன். இரவு பத்தே முக்காலுக்குச் சோதனைக்காக ஒரு முறை அழைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கைபேசி ஊமையாகவே கிடந்தது. பார்த்தால், அவர் அழைத்தது காணொளி அழைப்புச் செயலி வழியாக. பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பேசிப் பழகியவருக்கு அழைப்பு என்றாலே அதுதான். நட்சத்திரமிட்டது சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு வழிவிட்டதே தவிர, என் கைபேசியில் அந்தச் செயலியின் அழைப்புக்கு வழிவிடவில்லை.

அப்போதுதான் வழித்துணை எழுதியது கைகொடுத்தது. விதிவிலக்குப் பகுதியில் செயலிகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அந்தச் செயலியைச் சேர்க்கும்போது எல்லா அறிவிப்புகளையுமா, குறிப்பிட்ட சில வகைகளை மட்டுமா என்று கேட்கிறது. அழைப்பு என்ற வகையை மட்டும் தேர்ந்தெடுத்தேன். எல்லாவற்றையும் அனுமதித்திருந்தால் உறவினர் குழுவில் அதிகாலை நான்கு மணிக்கே வந்து சேரும் காலை வணக்கங்களும் சேர்ந்து ஒலித்திருக்கும். வெண்பலகை சொன்னபடி மணிச் சின்னத்தையும் பார்த்தேன். அது ஒலிக்கும் நிலையில்தான் இருந்தது, ஆனால் அளவு கால்வாசிக்கும் கீழே. அதையும் ஏற்றினேன்.

பதினொன்று ஐந்துக்கு அம்மா மறுபடியும் அழைத்தார். வீடே அதிரும்படி ஒலித்தது. எடுத்து, "கேட்கிறதம்மா, நன்றாகக் கேட்கிறது" என்றேன். "சரி, கேட்டுவிட்டதல்லவா, நான் படுக்கலாமா?" என்று கேட்டார்.