விளையாட்டில் ஆளுக்கொரு முடிவு. புனைகதையில் எதை எழுதுவது?

‘மாஸ் எஃபெக்ட்’ வீடியோ கேமை வைத்து நான் எழுதிவரும் ரசிகர் புனைகதை பாதியில் நின்றுவிட்டது. 2010இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் 2012இல் வந்த மூன்றாம் பாகத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், சிட்டடல் விண்வெளி நிலையத்தில் கதை நடக்கிறது. முதல் பாகத்தில், விர்மைர் கோளில் கெய்டன், ஆஷ்லி என்ற சக வீரர்கள் இருவரில் ஒருவரையே காப்பாற்ற முடியும் என்பதால், இறந்தவர் யார் என்பது ஆடுபவருக்கு ஏற்ப மாறுகிறது. அந்த இழப்பைத் தொடாமல், ஆடுபவர் இயக்கும் முதன்மைப் பாத்திரமான ஷெப்பர்டின் மனத்தை என்னால் எழுத முடியவில்லை.

பெயரைச் சொல்லாமல் எழுதிப் பார்த்தேன், துக்கம் மங்கிப்போனது. இரண்டு வடிவங்களாக எழுதியபோது உரையாடல்கள் கூர்மை இழந்தன. மாற்று உலகங்கள் அறிவியல் புனைவுக்கு இயல்பானவைதாம், ஆனால் இந்தக் கதைக்கு மாற்ற முடியாத ஒரே மரணம்தான் வலிமை தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வேறு முடிவெடுத்து ஆடிய வாசகரும் விலகிவிடாதபடி, அந்த ஒரு முடிவைக் கதையின் எந்த இடத்தில், எவ்வாறு வெளிப்படுத்தலாம்?