லூருக்கு கிளியர் கோட்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மணக்குடி பொழிமுகத்தில் கொடுவா மீன் பிடிக்க நானே மரத்தில் லூர், அதாவது தூண்டிலுக்கான போலி இரை, செதுக்குகிறேன். கட்டுமரத்துக்குப் போடும் அல்பீசியா மரத்தின் கழிவுத்துண்டுதான். எடை குறைவு, கத்திக்கு நன்றாக இணங்கும். செதுக்குவதும் பெயின்ட் அடிப்பதும் சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. பெயின்டுக்கு மேல் பாதுகாப்பாகப் பூசும் நிறமில்லாத கிளியர் கோட்தான் என்னை நிறைய அலைக்கழித்தது.

முதலில் மாமாவின் படகுக்கு ஃபைபர் வேலை பார்த்து மிஞ்சிய ரெசினைப் பூசினேன். மறுநாள் தொட்டால் பிசுபிசு, விரல் ரேகை அப்படியே பதிந்தது. காற்று படும் மேற்பரப்பில் அந்த பாலியெஸ்டர் ரெசின் முழுசாக இறுகாது. படகு வேலையில் அதன் மேல் அடுத்த அடுக்கு ஒட்ட அந்தப் பிசுபிசுப்பே உதவுகிறது, லூருக்கு அது ஆகாது. உப்புத்தாள் போட்டு மொத்தத்தையும் தேய்த்தெடுத்தேன்.

அப்புறம் ரெசின் ஒன்று, அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒன்று என இரண்டு பாட்டிலாக வரும் எபாக்சிக்கு மாறினேன். நான் வாங்கியது சரிக்குச் சரி கலப்பது. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்துதான் எடுப்பேன். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பூச்சு கடைசிவரை மெத்தென்றுதான் இருக்கும். நிதானமாகக் கலக்கி உடனே அகலமான டப்பா மூடியில் ஊற்றிவிட வேண்டும். கப்பிலேயே விட்டால் சூடேறிச் சட்டென்று இறுகிவிடும். பூசிய லூரைப் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுற்றும் மோட்டாரில் மாட்டிவிடுவேன். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, அது போதும். சுற்றாமல் தொங்கவிட்டால் எல்லாம் வால்பக்கம் வழிந்து சொட்டாக நிற்கும்.

இத்தனையும் செய்து கண்ணாடி மாதிரி வந்த லூர், நாலாவது தடவை தண்ணீருக்குப் போய்வந்ததும் வயிற்றுக் கொக்கி வளையத்தைச் சுற்றிப் பால் மாதிரி வெளுத்திருந்தது. நகத்தால் தட்டினேன், மீன் செதிள் போல பூச்சு பெயர்ந்து வந்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே மரம் ஈரம். மேலே கீறல் ஒன்றுகூட இல்லை. வளையம் திருகிய துளை வழியாகத் தண்ணீர் ஏறி, மரம் ஊதி, பூச்சை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது. இப்போதெல்லாம் பெயின்டுக்கு முன்பே துளைகளைப் போட்டு, உள்ளேயும் இளக்கமான எபாக்சி ஊறவிட்டுக் காயவைக்கிறேன். கடைசியில் வளையத்தைத் திருகும்போது துளைக்குள் இன்னொரு சொட்டு. அதன்பிறகு இதுவரை ஒன்றுகூட வெளுக்கவில்லை. எவ்வளவு நல்ல எபாக்சி வாங்கினாலும் இந்த வேலையை விட்டால் காசு வீண்தான்.

குளச்சலிலிருந்து:
அண்ணே, துளை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. எனக்குத் தொல்லை சாரலில் வந்தது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், கைக்கு வேலை இருக்காது, லூர் செய்ய உட்காரும் நேரமும் அதுதான். காற்றில் ஈரமும் அப்போதுதான் அதிகம். எபாக்சி மேல் எண்ணெய் தடவினதுபோல ஒரு மங்கல் படிந்தது. அதன்மேலேயே அடுத்த கோட் அடித்தேன், ஒட்டவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து அடித்தால் பிடிக்கிறது. இப்போது அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு போட்டு, அட்டையில் படாமல் தள்ளித் தொங்கவிட்டு, பக்கத்திலேயே இருந்து காயவைக்கிறேன்.

தேங்காப்பட்டணத்திலிருந்து:
நான் கார் பெயின்ட் கடையில் ஹார்டனரோடு கிடைக்கும் கிளியர் அடிக்கிறேன். மெல்லிசாக இருக்கும், எபாக்சி அளவுக்கு வெயிலில் மஞ்சளாகாது. ஆனால் தம்பிமாரே, அந்த ஹார்டனரில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. துணி மாஸ்க் அதற்குத் தாங்காது. ஒருமுறை துண்டு கட்டிக்கொண்டு அடித்துவிட்டு ராத்திரி முழுக்க நெஞ்சு இறுக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கென்று உள்ள கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, வெளித்திண்ணை, இதெல்லாம் இருந்தால் மட்டும் ஸ்ப்ரே எடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எபாக்சியைப் பிரஷ்ஷில் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழுக்களையும் பூசிய லூரையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். புழுவில் உள்ள எண்ணெய் சில பூச்சுகளை இளக்கிவிடும். என் இரண்டு லூர்கள் அப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தபோது பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது.