அஞ்சடிக்குள்ள முகம் இருட்டு, வெளிய ரோடு வெள்ளை: ஜார்ஜ்டவுன் தெருப்படத்துக்கு உதவி தேவை

சுங்கைடுவா_சுடர்

வணக்கம். வாரக் கடைசியில பினாங்கு ஜார்ஜ்டவுன் தெருக்களப் படம் எடுக்கிறேன். சுவரோவியம், பழைய கட்டடம் எல்லாம் வேண்டாம். மாலை கட்டுறவங்க, மசாலைக் கடை, ஒட்டுக்கடையில பசியாற வந்தவங்க, தே தாரேக் (இழுத்து ஆத்துற பால் டீ) ஆத்துறவர், இந்த மாதிரி அன்றாடம்தான் வேணும். கேமரா ஃபியூஜி எக்ஸ்-டி30, அதோட வந்த 18-55 லென்ஸ். ஏ மோடு (லென்ஸ் துளை அளவான எஃப் எண்ணை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கேமரா எடுத்துக்கும்), எஃப்/4, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஆட்டோ. நேரம் காலை 10 முதல் 1 வரை. இடம் லெபோ பாசார், லெபோ பினாங் (லெபோன்னா தெரு), சௌராஸ்தா சந்தைப் பக்கம்.

அஞ்சடிக்குள்ள (கடைவரிசை முன்னாடி தூண் வச்சு, கூரை போட்ட நடைபாதை) நிக்கிற ஆளை எடுத்தா முகம் கரிக்கட்டை. முகத்தைச் சரி பண்ணினா ரோடு வெள்ளைத் தாள். நம்ம ஆளுங்க நிறத்துக்கு இது இன்னும் மோசமாத் தெரியுது. நடக்கிறவங்க பாதிப் படத்துல மங்கல், ஃபோகஸ் பின்னாடி சுவத்துல போய் உக்காந்துக்குது. சத்தம் வராம இருக்கட்டும்னு எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா, கடைக்குள்ள எடுத்த படத்துல கோடு கோடா விழுது. ஏர்கோன் (ஏசி) ரூம்லருந்து இறங்கின உடனே லென்ஸ் முழுக்க ஆவி வேற. புது லென்ஸ் வாங்கணுமா?

ஒளிமீட்டர்

லென்ஸ் வாங்க வேண்டாம், நேரத்தை மாத்துங்க. நீங்க போற 10 முதல் 1 வரைதான் இந்த ஊர்ல ஆக மோசமான வெளிச்சம்.

பினாங்கு இருக்கிறது 100 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில. நாம கட்டியிருக்கிற கடிகாரமோ 120 பாகைக்கு உரியது, 1982 ஜனவரி 1-லருந்து அப்படித்தான். அதனால இங்க உச்சி வெயில் 12 மணிக்கு இல்ல, ஏறக்குறைய 1.20-க்கு. நவம்பர்ல 1 மணியை ஒட்டி வரும், பிப்ரவரியில 1.30-ஐத் தாண்டும். விடியறது மாசத்தைப் பொறுத்து 7-லருந்து 7.35 வரை. இந்த அட்சரேகையில சூரியன் சாய்வா ஏறாது, ஏறக்குறைய நட்டுக்குத்தலா ஏறும், மணிக்கு 15 பாகை கணக்குல. விடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல 30 பாகையைத் தொட்டிடும். அப்புறம் மூக்கு நிழல் உதட்டுல விழும், கண்ணு ரெண்டும் குழியாயிடும். ஏப்ரல் தொடக்கத்துலயும் செப்டம்பர் தொடக்கத்துலயும் சூரியன் நேர் தலைக்கு மேல வரும், அந்த வாரங்கள்ல மத்தியானம் கேமராவைத் தொடவே வேண்டாம்.

வேலைக்கு ஆகிற நேரம் காலை 7.40 முதல் 9.15, சாயங்காலம் 5.30 முதல் இருட்டற வரை. லெபோ பாசார், லெபோ சீனா, லெபோ கெரெஜா மூணும் லெபோ பந்தாயிலருந்து ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் பக்கமா, கிட்டத்தட்ட கிழக்கு மேற்கா ஓடுது. காலை வெயில் கடல் பக்கமிருந்து தெரு நீளத்துக்கும் படுத்துக்கிட்டு வரும். கடலுக்கு முதுகு காட்டி நின்னா எதிர்ல வர்றவர் முகத்துல நேரா விழும். கடலைப் பாத்து நின்னா பின்வெளிச்சம். சாம்பிராணிப் புகையும் தே தாரேக் ஆவியும் படத்துல தெரியணும்னா இந்தப் பின்வெளிச்சம்தான் வேணும், முன்வெளிச்சத்துல புகை காணாமப் போயிடும்.

இப்ப கரிக்கட்டை விஷயம். வெயில் ரோட்டுக்கு ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/800. அஞ்சடி உள்பக்கத்துக்கு ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6, 1/250. வித்தியாசம் கிட்டத்தட்ட அஞ்சு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), அதாவது ஏறக்குறைய 25 மடங்கு. ரெண்டையும் ஒரே படத்துல பிடிக்கப் போராடுறதுக்குப் பதிலா, ரோட்டைப் பின்னணியா வைக்கிறதை நிறுத்துங்க. அஞ்சடியோட நீளவாக்குல பாருங்க. தூணும் வளைவும் அடுத்தடுத்து போகும், பின்னணியும் நிழல்லயே இருக்கும், சிக்கல் பாதி தீந்துது. ஆள் எங்க நிக்கிறார்னும் பாருங்க. தூண் ஓரத்துலருந்து ஒரு மீட்டருக்குள்ள இருந்தா வானத்து வெளிச்சமும், வெயில் பட்ட ரோட்டுலருந்து எகிறுற வெளிச்சமும் பக்கவாட்டுல முகத்துல படும். அதுக்கு மேல உள்ள போனா கடையோட ட்யூப் லைட்தான் கதி. மாலை கட்டுறவங்க பெரும்பாலும் ஓரத்துல உக்காந்திருக்கிறது நம்ம அதிர்ஷ்டம்.

கறுத்த தோலுக்கு மீட்டரை நம்பாதீங்க. எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கணும்னுதான் அது பாக்கும். ஸ்பாட் மீட்டரை (ஒரு புள்ளியை மட்டும் அளக்கிற மோடு) முகத்துல வச்சு, எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் 2/3-லருந்து மைனஸ் 1-க்குள்ள இறக்குங்க. கறுப்பு கறுப்பாவே வரும், ஆனா உள்ள விவரம் இருக்கும். முழுச் சட்டகத்தையும் அளக்கிற மோடுல இருந்தா, வெள்ளை வேட்டியும் வெயில் ரோடும் சேந்து மீட்டரை ஏமாத்தும். அங்க பிளஸ் 1 தேவைப்படும். ரெண்டு மோடுக்கும் திருத்தம் எதிரெதிர்ங்கிறதை மறந்துட்டுத்தான் பல பேர் குழம்புறாங்க. ரா (RAW) கோப்பா எடுங்க. ஜேபெக்தான் வேணும்னா டிஆர்200 (வெளிச்சமான இடம் வெளுத்துப் போகாம காக்கிற அமைப்பு) போடுங்க, உங்க கேமராவுல அதுக்குக் குறைஞ்சது ஐஎஸ்ஓ 320 இருக்கணும். டிஆர்400-க்கு 640.

இன்னொண்ணு, நீலத் தார்ப்பாய். அதுக்கு அடியில எந்த முகமும் பிணம் மாதிரி நீலமாயிடும், ஆட்டோ வெண்சமன் (ஒயிட் பேலன்ஸ்) அங்க தோத்துடும். கணினியில சரிபண்ணப் போனா காய்கறியெல்லாம் ஆரஞ்சாயிடும். தார்ப்பாய் விளிம்புக்கு ஆள் வர்ற வரைக்கும் காத்திருங்க, வேற வழி இல்ல.

பட்டர்வொர்த்_படகு

மங்கலுக்கு ரெண்டு காரணம், ரெண்டுக்கும் மருந்து வேற.

முதல்ல ஷட்டர். ஏ மோடுல எஃப்/4 வச்சா நிழல்ல கேமரா தானா 1/60-க்கு இறங்கிடும். லென்ஸ்ல இருக்கிற ஆட்ட நிறுத்தி உங்க கை நடுக்கத்தை மட்டும்தான் அடக்கும், நடக்கிற ஆளை நிறுத்தாது. ஐஎஸ்ஓ ஆட்டோ மெனுவுல குறைந்தபட்ச ஷட்டர்னு ஒரு வரி இருக்கும். அதை 1/250 ஆக்குங்க, உச்ச ஐஎஸ்ஓவை 6400 ஆக்குங்க. எதிர்ல நடந்து வர்றவருக்கு 1/250 போதும், குறுக்கே போறவருக்கு 1/500, மோட்டார்சைக்கிளுக்கு 1/1000. தே தாரேக் ஆத்துறது தனிக் கணக்கு. 1/1000-ல துளி துளியா உறையும், 1/60-ல பட்டு நூல் மாதிரி ஒழுகும். நடுவுல 1/250-ல எடுத்தா ரெண்டும் இல்லாத ஒரு கலங்கல்தான் வரும். ரொட்டி சானாய் (பரோட்டா) வீசுறவருக்கு 1/500. மாவு காத்துல முழுசா விரியற நொடியில கை ஒரு கணம் நிக்கும், அங்க அமுக்குங்க. திரிஷா (மூணு சக்கர சைக்கிள் ரிக்சா) ஓட்டம் காட்டணும்னா 1/30-க்கு இறக்கி, வண்டியோடயே இடுப்பைத் திருப்பணும். இதுல பத்துக்கு ஒண்ணு தேறினாப் பெரிசு.

ரெண்டாவது ஃபோகஸ். கூட்டத்துல ஆட்டோ ஃபோகஸ் ஏமாறும். கையால வச்சு அதை மறந்துடுங்க. 18-55-ல 23-னு போட்ட கோட்டுக்கு ஜூமைத் திருப்புங்க, எஃப்/8, ஃபோகஸ் 2.5 மீட்டர். அப்ப 1.4 மீட்டர்லருந்து ஏறக்குறைய 10 மீட்டர் வரை தெளிவு. நிழலுக்காக எஃப்/5.6-க்கு வந்தா 1.6-லருந்து 5.3 வரை சுருங்கும், அதுவும் தெருவுக்குத் தாராளம். எஃப்/4-ல இந்த வித்தை வேண்டாம். உங்க லென்ஸ்ல தூர அளவு போட்டிருக்காது, திரையில வர்ற பட்டையைத்தான் பாக்கணும். அந்தப் பட்டை தெளிவு எல்லையை ரொம்பக் குறுக்கிக் காட்டுதுன்னா, மெனுவுல அது பிக்சல் கணக்குல இருக்குன்னு அர்த்தம், ஃபிலிம் கணக்குக்கு மாத்துங்க. ஜூம் வளையத்தைத் தெரியாம தொட்டுட்டாலோ, கேமராவை அணைச்சு மூட்டினாலோ ஃபோகஸ் நகந்திருக்கும், ஒருதடவை சரிபாருங்க.

வளையம் நகராம ஒரு துண்டு துணி டேப் ஒட்டிக்கிட்டா நல்லது. டேப் சில ரிங்கிட்தான், புது லென்ஸ் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்.

ஈரம்_எதிரி

ஆவிக்குப் பதில். இங்க வெளிக்காத்தோட பனிநிலை (காத்து ஈரம் தண்ணியாப் படியற வெப்பநிலை) பெரும்பாலும் 24 பாகையைச் சுத்தி இருக்கும். ஏர்கோன் ரூம்ல கேமரா 21, 22 பாகைக்குக் குளுந்திருக்கும். வெளிய வந்ததும் காத்துல இருக்கிற ஈரம் அதுமேல தண்ணியாப் படியுது, ஐஸ் மைலோ கிளாஸ் வேர்க்குதே அதே கதை. துடைச்சா மறுபடி படியும். அந்த நேரத்துல லென்ஸைக் கழட்டவே கூடாது, ஈரம் சென்சார் வரைக்கும் போயிடும். ரூமுக்குள்ளயே கேமராவை ஜிப் பைல போட்டு, காத்தைப் பிதுக்கி மூடி, அப்படியே வெளிய எடுத்துட்டு வாங்க. 30 நிமிஷம் கழிச்சுத் திறந்தா ஒண்ணும் ஆகாது. அதைவிடச் சுலபம், முதல்நாள் ராத்திரியே பையை ஏர்கோன் இல்லாத ஹாலுக்கு மாத்திடுறது.

அதுக்காக ஹால் அலமாரியில நிரந்தரமா வச்சிடாதீங்க. ஈரப்பதம் 60-65 விழுக்காட்டைத் தாண்டி நின்னா பூஞ்சை வரும், நம்ம ஊர் வீடு அதுக்கு மேலதான். உலர்பெட்டி வாங்கினா 40-50-ல வைங்க. ரொம்ப இறக்கினா ரப்பரும் மசகும் காஞ்சுபோகும். பெட்டிக்குக் காசு இல்லன்னா காத்துப்புகாத சாப்பாட்டு டப்பா, 100 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறினா ஓவன்ல 120 பாகையில ரெண்டு மணி நேரம் காய வச்சுத் திரும்பப் போடலாம். அரிசியில போட்டு வைக்கிறது வேலைக்கு ஆகாது, மாவுத் தூசிதான் உள்ள போகும். ஏற்கெனவே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிச்ச லென்ஸ் இருந்தா மத்ததோட சேத்து வைக்காதீங்க.

மழைக்கும் இது பொருந்தும்: எக்ஸ்-டி30 உடல் நீர்காப்பு இல்லாதது. நீர்காப்பு லென்ஸ் மாட்டினாலும் உடல்ல தண்ணி போகும்.

சுங்கைடுவா_சுடர்

ரொம்ப நன்றி. கோடு விழுறது மட்டும் பாக்கி. அப்புறம், ஆளுங்க முகத்தைக் கேட்டு எடுக்கணுமா? கேட்டா உடனே விறைச்சு நின்னு போஸ் குடுக்கிறாங்க. இடுப்புல வச்சுக் குத்துமதிப்பா எடுக்கலாமா?

ஒளிமீட்டர்

கோடு: நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாப் படிக்கிறதால ஒரு வரி வெளிச்சத்துலயும் அடுத்த வரி இருட்டுலயும் மாட்டிக்குது. கடைக்குள்ள மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாங்க, 1/100 இல்லன்னா 1/50 வைங்க. அந்த வேகத்துல உக்காந்திருக்கிறவங்களைத்தான் எடுக்க முடியும், அது தெரிஞ்சுதான் உள்ள போகணும். ஓடுற எழுத்து எல்இடி பலகைக்கு இந்தக் கணக்கு சரிவராது, அதோட துடிப்பு வேற. சட்டகத்துலருந்து அதை வெட்டிடுங்க.

குவீன்_தெரு_மணி

இடுப்புல வச்சு எடுக்கிறது எனக்குப் பிடிக்காது, அதைத் திருட்டுன்னுதான் எல்லாரும் பாப்பாங்க. படமும் சாஞ்சு, தலை வெட்டுப்பட்டு, மூக்குத் துவாரம் தெரிய வரும். கேமரா கழுத்துல வெளிப்படையா தொங்கட்டும்.

போஸ் குடுக்கிறாங்கன்னா அந்தப் போஸை எடுத்துட்டு, நன்றி சொல்லிட்டு, கேமராவை இறக்கி அங்கேயே ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அவங்க மறுபடி நாரைக் கையில எடுத்து மாலையைத் தொடருவாங்க, உங்க படம் அப்பத்தான். பெரியவங்களை "ஐயா, அம்மா", கடைக்காரரை "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டாப் போதும். மலாய்க்காரங்ககிட்ட "போலே அம்பில் கம்பார்?" ஹொக்கியன் பேசுற சீனர்ககிட்ட கேமராவைக் காட்டி "ஹிப் சியோங்"னு கேள்வியா இழுத்தாலே சிரிச்சிடுவாங்க. கை ஆட்டினா விட்டுடணும், தூரப் போய் ஜூம்ல எடுக்கக் கூடாது. காசு குடுத்துப் பழக்காதீங்க. அடுத்த வாரம் 4ஆர் (4x6 அங்குலம்) பிரிண்ட் ஒண்ணு கொண்டு போய்க் குடுங்க, பக்கத்துக் கடைக்காரரும் தன்னை எடுக்கச் சொல்லுவார்.

பிள்ளைங்கன்னா பெத்தவங்களைக் கேக்காம வேண்டாம். மகா மாரியம்மன் கோயில்ல வாசலோட நிறுத்திக்குங்க, உள்ள எடுக்க நிர்வாகத்தைக் கேக்கணும், மூலஸ்தானம் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது. சியூ ஜெட்டியில (கடல்மேல தூண் வச்சுக் கட்டின வீடுகள்) பலகைப் பாதைதான் பொது, திறந்து கிடக்கிற வாசல் ஒருத்தர் வீட்டு ஹால். துப்பாக்கி ஏந்தினவர் படம் போட்ட சிவப்புப் பலகை (தடைப் பகுதி அறிவிப்பு) எங்க இருந்தாலும் அந்தக் கட்டடம் உங்க படத்துல வரவே கூடாது. வெள்ளிக்கிழமை காலையில பூக்கடை வாசலை மறிச்சிக்கிட்டு நிக்காதீங்க, அவங்களுக்கு அதுதான் வியாபாரம்.

ஒளிமீட்டர்

ஒண்ணு சேத்துக்கிறேன். கோப்புப் பெயர்ல தேதி, தெரு, கடை எண் மூணையும் அன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க. வாடகைக் கட்டுப்பாடு 2000-ல போனதுக்கு அப்புறமும், 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஊர் ஏறினதுக்கு அப்புறமும், இந்த அஞ்சடிகள்ல தொழில் மாறிக்கிட்டே இருக்கு. மாவு மில் இருந்த இடத்துல காப்பிக் கஃபே வந்த பிறகு, எது எந்த எண்ணுன்னு படத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. நெற்றிப் பலகையும் எண் தகடும் தெரியற மாதிரி அகலமா ஒரு படம் எடுத்துட்டு, அப்புறம் முகத்துக்குப் போங்க.

சுங்கைடுவா_சுடர்

சரி. சனிக்கிழமை 7.40, லெபோ பாசார், கடலுக்கு முதுகு, 23-ல டேப், 2.5 மீட்டர். மழை வந்தா?

பட்டர்வொர்த்_படகு

அஞ்சடிக்குள்ள நில்லுங்க, அதுக்குத்தானே கட்டியிருக்காங்க. மேகம் மூடினா உள்ளயும் வெளியயும் வித்தியாசம் ரெண்டு ஸ்டாப்தான், உங்க முதல் கேள்வியே அன்னைக்கு இருக்காது. எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600-ல ஆரம்பிங்க.