இரண்டு வண்டியின் ஸ்பிரிங் பட்டைகளைக் கலந்து ஒரே கட்டாகப் போடலாமா? (பழைய ஹைலக்ஸ், பின்பக்கம்)

குளுவாங்_பையன்

வணக்கம் அண்ணன்மாரே. நான் இருப்பது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், வேலை துவாஸில், வண்டி மட்டும் ஜொகூர் குளுவாங்கில் அண்ணன் வீட்டில் நிற்கிறது. மலேசியப் பதிவு, பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், பின்னால் பட்டை ஸ்பிரிங். விடுமுறை கிடைத்தால் செம்பனைத் தோட்டத்துப் பாதைகளில் ஓட்டுவோம், கஹாங்கிலிருந்து கம்போங் பேத்தா போகிற அந்த 56 கிலோமீட்டர் பாதைதான் அதிகம்.

பிரச்சினை இதுதான். வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் உதைக்கிறது, பல்லெல்லாம் ஆடுகிறது. கூடாரம், தண்ணீர், டூல்ஸ், ஆள் எல்லாம் ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, பம்ப் ஸ்டாப்பில் (அச்சு வண்டிச் சட்டத்தில் மோதாமல் தடுக்கிற ரப்பர்) டொம் டொம் என்று அடிக்கிறது. இப்போது இருப்பது 7 மி.மீ. பட்டை ஐந்து, அடியில் தடித்த தட்டைப் பட்டை ஒன்று. அகலம் 60 மி.மீ., கண்ணுக்குக் கண் (மேல் பட்டையின் இரு நுனி வளையங்களுக்கு இடையே) ஏறக்குறைய 1200 மி.மீ.

நண்பர் ஒருவர் வேறு பிக்கப்பிலிருந்து கழற்றிய பட்டைகள் தந்திருக்கிறார். அகலம் அதே 60, தடிப்பு 6 மி.மீ. அதில் மூன்றை என் கட்டில் கூடுதலாகச் சொருகினால் போதுமா? அமெரிக்காவில் ஜீப் செரோக்கிக்காரர்கள் செவர்லே எஸ்-10 பட்டைகளைக் கலந்து போடுகிறார்களாம், நன்றாக மடங்குகிறதாம், அதாவது மேடு பள்ளத்தில் வளைந்து கொடுக்கிறதாம். எங்கள் ஊர்ப் பட்டறையில் கேட்டால் "ஒண்ணு கூடப் போட்டா போதும் தம்பி" என்கிறார், வேறு எதுவும் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_மாமா

தம்பி, சும்மா சொருகாதே. முதலில் கணக்கைப் பார், அப்புறம் ஸ்பானரை எடு.

பட்டையின் கடினம் அதன் தடிப்பின் மும்மடியோடு ஏறும். 6-க்கு 6×6×6 = 216, 7-க்கு 343, 8-க்கு 512. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைப்போம், ஆனால் 7 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு 8 போட்டால் அந்த ஒரு பட்டை மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு முறுக்காகிவிடும். உன் ஐந்து பட்டைக்கு 5×343, அதாவது 1715. அதன் மேல் மூன்று 6 மி.மீ. பட்டை சேர்த்தால் 648 கூடி 2363 ஆகும். 38 விழுக்காடு கடினம் ஏறியாச்சு. காலி வண்டியே உதைக்கிறது என்கிறாய், இதைப் போட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசி. (பட்டைகள் படிப்படியாக நீளம் குறைந்து வருகிற கட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. துல்லியம் வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.)

சுமைக்காவது உதவுமா என்று பார்ப்போம். நீ சொன்ன அளவுக்கு ஒரு பக்க ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் இறங்க சுமார் 32 நியூட்டன் விசை வேண்டும். பின் அச்சின் மேல் 300 கிலோ ஏற்றினால் இரண்டு பக்கமும் தாங்கி நாலரை சென்டிமீட்டர் போல இறங்கும். மூன்று பட்டை சேர்த்த பிறகு மூன்றேகால் சென்டிமீட்டர் இறங்கும். ஒன்றேகால் சென்டிமீட்டர் மிச்சம் பிடிக்க நாள் முழுக்க முதுகை ஒடித்துக்கொள்ளப் போகிறாய்.

உயரம் வேறு, கடினம் வேறு. உயரத்தைத் தருவது பட்டையின் வளைவு. கடினத்தைத் தருவது தடிப்பும் எண்ணிக்கையும் நீளமும். உன் கட்டு வயதாகித் தட்டையாகிவிட்டது, அதனால்தான் உட்காருகிறது. கடினம் குறைந்து உட்காரவில்லை.

என் யோசனை: நடுவில் உள்ள இரண்டு 7 மி.மீ. பட்டைகளை எடுத்துவிடு, அங்கே மூன்று 6 மி.மீ. பட்டை போடு. 3×343 + 3×216 = 1677. முன்பிருந்த அதே கடினம்தான், ஆனால் மெல்லிய பட்டை அதிகம். ஒரு கட்டில் எல்லாப் பட்டையும் ஒரே அளவு வளைகிறது. அதே வளைவில் தடித்த பட்டைக்குத் தகைவு (ஸ்ட்ரெஸ்) அதிகம், மெல்லியதற்குக் குறைவு. நீ கேள்விப்பட்ட அமெரிக்கக் கட்டுகள் நன்றாக மடங்குவதற்கும், மடங்கியும் உடையாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். செவர்லே பேரைக் கேட்டு மயங்காதே.

மண்பாதை_ரைடர்

மாமா கணக்கு சரி. நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆஸ்திரேலியக் கம்பெனிகள் ஹைலக்ஸுக்கு 300 கிலோ நிரந்தரச் சுமை, 500 கிலோ என்று தனித்தனியாகக் கட்டு விற்கிறார்கள். ஜொகூர் பாருவிலும் கிடைக்கும். வாங்கி மாட்டினால் ஒரு நாள் வேலை. கலந்து போட்டு அளந்து, துளை போட்டு, மறுபடி கழற்றி... நேரத்துக்கும் விலை உண்டு அல்லவா? சனிக்கிழமை காலை ஜொகூர் கடற்பாலத்தில் நிற்கிற நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலக்கத்தான் போகிறீர்கள் என்றால் அகலத்தை நன்றாக அளந்து கொள்ளுங்கள். இவருக்கு 60-க்கு 60, அதனால் தப்பித்தார். ஜீப், செவர்லே எல்லாம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. அதனால்தான் அவர்களுக்குள் சுலபமாக மாற்றிக்கொள்கிறார்கள். நம் வண்டியின் மெயின் பட்டை (கண் உள்ள மேல் பட்டை) சட்டத்தில் இருக்கிற ஹேங்கருக்குள் போக வேண்டும், கட்டை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட்டுக்கு நடுவே மற்றதெல்லாம் உட்கார வேண்டும். மூன்றரை மில்லிமீட்டரை அரத்தால் ராவிக்கொண்டிருக்க முடியாது.

பட்டறை_மாமா

வாங்கிப் போடுவது நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. பையன் கையில் பட்டை இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, செய்து பார்க்கட்டுமே. ஒரு கட்டைப் பிரித்துச் சேர்த்தவனுக்குத்தான் கடைக்காரன் விற்கிற கட்டு நல்லதா இல்லையா என்று தெரியும்.

அப்புறம் லாரி கழிவு யார்டில் போய்ப் பட்டை தேடாதே. சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிந்து இங்கே சிங்கப்பூரில் பிரிக்கிற லாரிகளில் பட்டை புதுசு மாதிரியே இருக்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் லாரிப் பட்டை அகலமும் தடிப்பும் கூட. 10 மி.மீ. பட்டை ஒன்றே 1000, உன் 7 மி.மீ. பட்டை மூன்றுக்குச் சமம்.

குளுவாங்_பையன்

ரொம்ப நன்றி மாமா. இரண்டு எடுத்து மூன்று போடுகிற யோசனை பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். நண்பர் தந்த பட்டைகளில் நடுத்துளை என் பட்டையை விட 20 மி.மீ. தள்ளி இருக்கிறது, துளையும் சின்னது. இரண்டாவது, அவற்றின் வளைவு என்னுடையதை விடக் குறைவு மாதிரி தெரிகிறது. மெயினுக்குக் கீழே வைத்துப் பார்த்தால் நடுவில் ஒட்டிக்கொள்கிறது, இரண்டு நுனியிலும் இடைவெளி. நடுத்துளை வழியாகப் போகிற சென்டர் போல்ட்டை முறுக்கினால் சரியாகிவிடுமா?

பட்டறை_மாமா

ஆகாது. நீ கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

பட்டைகளை முறுக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார். நுனிகள் தொட வேண்டும், நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். கீழே போகப் போக ஒவ்வொரு பட்டையும் மேலே உள்ளதை விடக் கொஞ்சம் கூட வளைந்திருக்க வேண்டும். சென்டர் போல்ட்டை முறுக்கும்போது அந்த இடைவெளி மூடும், அப்போது மெயின் பட்டை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைக்கப்படும். அதனால் சுமை ஏறும்போது மெயின் பட்டைக்குத் தகைவு குறைகிறது. கண் இருக்கிற பட்டை அது ஒன்றுதான். முடுக்கம், பிரேக், பக்கவாட்டு இழுப்பு எல்லாவற்றையும் அதுதான் தாங்குகிறது. அதை முதலில் காப்பாற்ற வேண்டும்.

உன்னிடம் இருப்பது தலைகீழ். நடுவில் ஒட்டி நுனியில் இடைவெளி என்றால், அந்த மூன்று பட்டையும் கட்டுக்குள் சும்மா படுத்திருக்கும். மேலே உள்ளது நன்றாக இறங்கிய பிறகுதான் வேலைக்கு வரும். அதுவரைக்கும் மொத்தப் பாரமும் மேலே உள்ள மூன்றுக்கு. உடைந்தால் சென்டர் போல்ட் துளைக்குப் பக்கத்தில், இல்லை யூ போல்ட் பிடிக்கிற விளிம்பில் உடையும், அதுவும் காட்டுக்குள்தான் உடையும்.

ஆகவே அந்த மூன்றையும் வளைக்க வேண்டும். பிரஸ்ஸில் குளிர்ந்த நிலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தி மூக்கு மாதிரி முறித்துவிடக் கூடாது. கேஸ் அடித்துச் சூடு பண்ணி வளைக்கிறேன் என்று யாராவது சொன்னால் பட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிடு. தணித்துப் பதப்படுத்திய எஃகு அது, சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். குளிர வளைத்தது நாளாக ஆக கொஞ்சம் இறங்கும், அதையும் கணக்கில் வைத்து வளை. உலை வைத்து மறுபடி பதம் போட்டுத் தருகிற ஸ்பிரிங் கடை கிடைத்தால் அதைவிட நல்லது.

துளைக்கு வா. மெயினின் துளையைத் தொடாதே, அதை மாற்றினால் அச்சே நகர்ந்து டயர் மட்கார்டில் உரசும். கீழ்ப் பட்டைகளில் 20 மி.மீ. தள்ளி இருந்தால் பரவாயில்லை, பழைய துளையிலேயே வைத்துவிட்டு நுனிகளை நீள வரிசைக்கு ஏற்ப வெட்டிக்கொள். மெல்லிய டிஸ்க்கில், நிறுத்தி நிறுத்தி, சூடாக விடாமல். வெட்டிய நுனியைச் சாய்த்து மழுக்க வேண்டும், கூர்மையாக விட்டால் மேல் பட்டையைச் சுரண்டி வாய்க்கால் போட்டுவிடும். துளையைப் பெரிதாக்க கோபால்ட் பிட், குறைந்த வேகம், நிறைய எண்ணெய். புதிதாக இரண்டாவது துளை போடவே போடாதே.

சிவப்பு_சுசுகி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் வண்டி சிங்கப்பூர்ப் பதிவு, பழைய சுசுகி எஸ்ஜே, முன்னாலும் பின்னாலும் பட்டை. நானும் இப்படிச் செய்யலாமா?

மண்பாதை_ரைடர்

@சிவப்பு_சுசுகி உங்கள் கதை வேறு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் வாகன மாற்றங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: அனுமதி தேவையில்லாதது, அனுமதி வாங்க வேண்டியது, செய்யவே கூடாதது. கை வைப்பதற்கு முன்னால் ஆணையத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயது தாண்டிய கார் என்றால் வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறீர்கள், அங்கே போய் விவாதம் பண்ண முடியாது. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். முன் அச்சில் உயரம் மாறினால் காஸ்டர் கோணமும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) மாறும், ஸ்டீயரிங் அலையும், அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பின்னால் மட்டும் யோசிப்பேன்.

@குளுவாங்_பையன் மாமா விட்ட ஒன்றிரண்டு. உங்கள் கட்டு 35 மி.மீ. உயரம் இருந்தது, இப்போது 39 ஆகப் போகிறது, தடித்த பட்டை தனி. சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் நீளம் போதுமா என்று பாருங்கள். யூ போல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள், பழையதை மறுபடி முறுக்க வேண்டாம். மாட்டிக் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். கட்டைப் பிடித்து வைப்பது யூ போல்ட்தான், சென்டர் போல்ட் வரிசை பிசகாமல் இருக்க மட்டும்.

வளைவு கூடி வண்டி உயர்ந்தால் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்குப் போய் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஹைலக்ஸில் பின் அச்சோடு ஒரு கம்பி சேர்த்த பிரேக் வால்வு இருக்கும், சுமையைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் தருகிறது. வண்டி உயர்ந்தால் அது "காலி வண்டி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியையும் சரி பண்ணியாக வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பட்டறை_மாமா

நல்ல பாயிண்ட். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்பையும் சேர்த்துக்கொள். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கிளிப் இல்லையென்றால் மெயின் பட்டை மட்டும் தனியாகத் தொங்கும். நன்றாக மடங்கட்டும் என்று கிளிப்பை எடுத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், ஆனால் இருக்க வேண்டும்.

தடித்த அடிப் பட்டையை அப்படியே தட்டையாக விடு, வளைக்காதே. காலி வண்டியில் அது மேல் பட்டையைத் தொடக் கூடாது, சாமான் ஏறின பிறகுதான் வேலைக்கு வர வேண்டும். நீ கேட்ட இரண்டும், அதாவது காலியில் மென்மையும் சுமையில் தாங்குவதும், அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

குளுவாங்_பையன்

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக, பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் போடலாமா? அண்ணன் டீசல் அடிக்கச் சொல்கிறார்.

மண்பாதை_ரைடர்

வேண்டாம். தோட்டத்து மண் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நுனிகளில் நைலான் பேட் வைத்து, மற்ற இடத்தைத் துரு நீக்கி பெயிண்ட் அடித்து விடுங்கள்.

பட்டறை_மாமா

டீசல் வேண்டாம், அதில் ஒத்துப்போகிறேன். ஆனால் கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகப் பூசி அடுக்கினால் தப்பில்லை. ஆறு பட்டை என்றால் உராய்வு கூடும், சின்னக் குழிக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது, மறுபடி "உதைக்கிறது" என்று இங்கேதான் வந்து நிற்பாய். ரைடர் சொல்கிற பேட் கிடைத்தால் அது இன்னும் சுத்தம், விலைதான் கொஞ்சம் கூட.

கழற்றுவதற்கு முன்னால், சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வை. பட்டைகளில் இடது, வலது, முன், பின் என்று சாக்பீஸில் போடு. சில வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கட்டுக்கு வளைவு கொஞ்சம் கூட வைத்திருப்பார்கள், மாற்றி மாட்டினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். அளவைக் கொண்டுவந்து இங்கே போடு, எவ்வளவு வளைக்கலாம் என்று பார்ப்போம்.