எலும்புத் தொற்றில் சிமென்ட் மணிகளுக்குப் பதிலாகக் கரையும் நுண்கோளங்கள்: தடை எங்கே?

கேள்வி: எலும்பியல் முதுநிலை மாணவர்

அனைவருக்கும் வணக்கம். நாள்பட்ட ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்புத் தொற்று) நோயாளிகளுக்குச் செத்த எலும்பைச் சுரண்டி அகற்றியபின், அந்தக் குழியில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த, உடலில் கரையாத போன் சிமென்ட் மணிகளைக் கம்பியில் கோத்து வைக்கிறோம். சில வாரங்கள் கழித்து, அவற்றை எடுப்பதற்கென்றே நோயாளியை மறுபடியும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அண்மையில் நான் உதவிக்கு நின்ற ஓர் அறுவையில், நார்த்திசு வளர்ந்து மணிகளை இறுகப் பற்றியிருந்ததால், ஒவ்வொன்றையும் தனித்தனியே விடுவித்து எடுக்க நேர்ந்தது. லாக்டைடு, கிளைக்கோலைடு என்ற இரு அலகுகளால் ஆன, உடலிலேயே கரையும் பிஎல்ஜிஏ பாலிமரில் மருந்தை அடைத்த நுண்கோளங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படிக்கிறோம். நாம் அன்றாடம் தைக்கும் விக்ரில் நூலும் அதே குடும்பப் பாலிமர்தான். அப்படியிருக்க, இவை ஏன் இன்னும் நம் கைக்கு வந்து சேரவில்லை?

மறுமொழி 1: மருந்தாக்கவியல் ஆய்வாளர்

நல்ல கேள்வி. பாலிமரின் பாதுகாப்பு இங்கே தடையன்று. அது நீரால் சிதைந்து லாக்டிக் அமிலமாகவும் கிளைக்காலிக் அமிலமாகவும் மாறி உடலில் கழிந்துவிடும். மாதம் ஒருமுறை போடும் லியூப்ரோலைடு ஊசி இதே தொழில்நுட்பத்தில் 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அந்த ஹார்மோன் மருந்துக்கு மாதத்திற்கு 7.5 மில்லிகிராம் போதும். எலும்புக் குழிக்கு 200 மில்லிகிராம் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோளத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு மருந்து என்றால், 2 கிராம் பொடியை உள்ளே வைக்க வேண்டும். இரத்த ஓட்டம் குன்றிய இடத்தில் அத்தனை பாலிமரும் அமிலமாகச் சிதைவதை எலும்பு எப்படித் தாங்கும் என்பதுதான் என் கவலை.

அந்தப் பத்தில் ஒரு பங்கை எட்டுவதும் எளிதன்று. ஜென்டாமைசின் தண்ணீரில் மிக எளிதாகக் கரைவது. நுண்கோளம் செய்ய, மருந்துக் கரைசலை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்த பாலிமருக்குள் துளிகளாக்கி, அந்தக் குழம்பை, துளிகள் ஒட்டாமல் காக்கும் பாலிவினைல் ஆல்கஹால் கலந்த நீரில் ஊற்றிக் கலக்கும்போதே, மருந்தில் கணிசமான பகுதி வெளிநீருக்குத் தப்பிவிடுகிறது. மேற்பரப்பில் ஒட்டி நிற்பதும் முதல் நாளிலேயே கொட்டிவிடும். பிறகு பாலிமர் சிதையத் தொடங்கும்வரை வெளியீடு மந்தமாகவே இருக்கும். லாக்டைடும் கிளைக்கோலைடும் 50:50 உள்ள வகை ஏறத்தாழ ஒன்றிரண்டு மாதங்களில் சிதையும், 75:25 வகைக்கு இன்னும் நீண்ட காலம் ஆகும். பெரிய கோளங்களின் நடுவில் அமிலம் தேங்குவதால், அவை வெளியைவிட உள்ளே வேகமாகச் சிதைவதும் உண்டு.

மறுமொழி 2: எலும்பியல் அறுவை மருத்துவர்

தம்பி, மேலே சொன்ன அந்த மந்தமான இடைவெளிதான் நமக்கு ஆபத்து. பயோஃபிலிமுக்குள் (கிருமிகள் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி அமைக்கும் படலம்) இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை அழிக்க, மிதக்கும் கிருமிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு செறிவு வேண்டும். குறைந்த அளவில் வாரக்கணக்கில் கசியும் மருந்து கிருமியைக் கொல்லாமல், அந்த மருந்தைத் தாங்கப் பழக்கிவிடும். சிமென்ட் மணிகளிலும் இதே குறை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, பொடி தனியாகக் குழியில் நிற்காது; இரத்தக் கசிவோடு நகர்ந்துவிடும். ஆகவே ஜெல்லிலோ கால்சியம் சல்பேட்டிலோ கலந்துதான் வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கலந்த கால்சியம் சல்பேட் மணிகளே சில வாரங்களில் கரைந்துவிடுவதால், காயத்தில் நீர் வடிதல் என்ற தொல்லை இருந்தும், பலர் அதிலேயே நிறைவடைந்துவிடுகிறார்கள். எதை வைத்தாலும், செத்த எலும்பை மிச்சம் வைத்துவிட்டு வைத்தால் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. ஆய்வேட்டுக்காக இதைச் செய்து பார்க்க விரும்புகிறேன். வெளியாகும் மருந்தை எப்படி அளவிடுவது?

மறுமொழி 3: மருந்தாக்கவியல் ஆய்வாளர்

ஜென்டாமைசின் புற ஊதாக் கதிரை உறிஞ்சாத மருந்து என்பதால் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நேரடியாகத் தெரியாது. முதல் முயற்சிக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுங்கள். அதை 280 நானோமீட்டர் அலைநீளத்தில் படிக்கலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். நுண்கோளங்கள் ஊறும் தாங்கல் கரைசலிலிருந்து (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) ஒவ்வொரு நாளும் எடுத்ததை ஸ்டெஃபிலோகாக்கஸ் பரப்பிய தட்டில் இட்டு, கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த மருந்து வீரியத்தோடு வந்ததா என்பது அந்த வட்டத்தில்தான் தெரியும்.