மறு: நியூரோமாஸ்ட் – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான உயிரியல் நூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கண்ணில்லாக் குகைமீன் அத்தியாயத்தில் நிற்கிறேன். அஸ்டியானாக்ஸ் மெக்சிகானஸ் என்ற இனம். வடகிழக்கு மெக்சிகோவில், எல் ஆப்ரா மலைப்பகுதியிலும் அதை ஒட்டியும் சுமார் 30 சுண்ணாம்புக் குகைகளில் இருக்கிறது. அதே இனம் வெளியே ஆற்றில் கண்ணோடு திரிகிறது. குகைமீனின் கருவிலும் கண் முளைக்கிறது. பிறகு கண்வில்லையின் செல்கள் மடிந்து, கண் தேய்ந்து, தோலுக்கு அடியில் போய்விடுகிறது.

மீனின் உடம்புப் பக்கவாட்டில் ஓடி நீரின் அசைவை அறியும் கோட்டுக்குப் 'பக்கக்கோடு' என்ற சொல் பாடநூலிலேயே உண்டு, அதில் சிக்கலில்லை. அந்தக் கோட்டிலும் தலையிலும் இருக்கும் நியூரோமாஸ்டுக்குத்தான் சொல் வேண்டும். மயிர்ச்செல்கள் கொத்தாக நிற்கும், அவற்றின் மேல் கூழ்போல ஒரு தொப்பி. நீர் அசைந்தால் தொப்பி சாயும், மயிர் வளையும், நரம்புக்குச் செய்தி போகும். 'உணர்மொட்டு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

* * *

அன்புள்ள அம்மா,

மொட்டு விரியும், இது விரிவதில்லை. கிரேக்க 'மஸ்தோஸ்' மார்பைக் குறிக்கும். குவிந்து எழுவதற்கு நம்மிடம் 'முகிழ்' இருக்கிறது. 'உணர்' என்பதும் பொத்தாம்பொதுவானது, கண்ணும் உணரத்தான் செய்கிறது. தொட்டு அறிவதற்கு வள்ளுவர் வைத்த சொல் ஊறு: 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்'. தொல்காப்பியரும் 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்று உறுதலிலிருந்துதான், அதாவது தொடுதலிலிருந்துதான், அறிவை எண்ணத் தொடங்குகிறார். உறு என்ற அந்த ஒரு வேரில் உறவு, உற்றார், உறுப்பு எல்லாம் கிளைத்திருக்கின்றன. நீர் வந்து உறுவதை அறியும் உறுப்புக்கு 'ஊறுமுகிழ்' என்பதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை.

* * *

ஐயா, சொல் அழகு. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊறு என்றால் கேடு. 'ஊறு விளைவிக்காமல்' என்றுதான் அவர்கள் படித்திருக்கிறார்கள். ஊறுமுகிழை அடிபட்ட மொட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அக்கா, இன்னொன்று: 'மயிர்ச்செல்' வேண்டாமே, வகுப்பில் சிரிப்பு அடங்காது. ரோமச்செல் என்று போடுங்கள். அப்புறம், இந்த மீன் வௌவால்போல எதிரொலி கேட்டு நீந்துகிறது என்றால் 'எதிரொலி உணரி' என்று நேராகவே சொல்லிவிடலாம்.

* * *

'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று குறளில் படிக்கும் பிள்ளைக்கு மயிர்ச்செல் ஏன் கூடாது? நல்ல தமிழ்ச் சொல்லை வசைச்சொல் ஆக்கியது நாம். அதை மீட்க வேண்டியதும் வகுப்பறையில்தான்.

* * *

டீச்சர், எதிரொலி மட்டும் வேண்டவே வேண்டாம். என் அத்தியாயமே அதை மறுக்கத்தான் இருக்கிறது. வழி அறிய இந்த மீன் ஒலி எழுப்புவதில்லை. வாலை ஒரு தரம் அடித்துவிட்டு, உடம்பை நேராக வைத்துக்கொண்டு வழுக்கிப் போகிறது. போகும்போது தன்னைச் சுற்றி நீரைத் தள்ளுகிறது. பக்கத்தில் சுவரோ கல்லோ இருந்தால் அந்த நீரோட்டமும் அழுத்தமும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் தோல் படிக்கிறது. உடல் நீளத்துக்கும் குறைவான தூரத்தில்தான் இது நடக்கும், அதனால் மீன் சுவரை ஒட்டியே போகும். புதிய தொட்டியில் விட்டால் வேகமாக நீந்தும். வேகம் கூடினால் அது தள்ளும் நீரும் பலமாகும்.

நியூரோமாஸ்ட் ஆற்றுமீனுக்கும் உண்டு. குகைமீனுக்குத் தோலின் மேற்பரப்பில் இருப்பவை எண்ணிக்கையிலும் அதிகம், அளவிலும் பெரியவை. கண் இருந்த குழியைச் சுற்றியும் இருக்கின்றன. நொடிக்கு 35 அதிர்வு அளவில் ஒரு குச்சியை நீரில் அசைத்தால், இரை என்று தேடி வருகிறது. அதனால் ஐயா சொல்லும் 'உறுதல்' பொருளில் மிகச் சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அகராதி இல்லாமல் படிக்க வேண்டுமே என்பதுதான் என் தயக்கம்.

* * *

குகைமீனின் தாடையில் சுவைமொட்டுகளும் ஆற்றுமீனைவிட அதிகம். அடுத்த பத்தியில் அது வருமானால் இரண்டு மொட்டும் குழம்பாதா? 'உணர்முகிழ்' என்று நடுவில் ஒத்துப்போகலாமே.

கோட்டயத்தில் ஒரு கிணற்றில் கிடைத்து 1950-இல் விவரிக்கப்பட்ட ஹோராகிளானிஸ் கிருஷ்ணை என்ற மீனும் கண்ணில்லாக் கெளிறுதான். நூலில் அதையும் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

* * *

கெளிறு அடுத்த பதிப்புக்கு. சுவைமொட்டு, உணர்மொட்டு இரண்டும் அருகருகே வந்தால் ஒன்று இன்னொன்றை விளக்கும் என்றே நினைக்கிறேன். இதுவரை எழுதியவர்களில் மூன்று பேர் உணர்மொட்டு, ஒருவர் உணர்முகிழ், ஐயா ஊறுமுகிழ். உணர்மொட்டையே அனுப்புகிறேன். மயிர்ச்செல்லை மாற்றவில்லை. மேலிருக்கும் குப்யூலாவுக்குக் 'கூழ்த்தொப்பி' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

* * *

அம்மா, அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் குழுவின் சொற்பட்டியலில் ஊறுமுகிழும் ஏற வேண்டும். புழக்கத்தில் இல்லை என்று விட்டுவிட்டால், ஊறு என்பதற்குக் கேடு என்ற ஒரு பொருள்தான் மிஞ்சும். கூழ்த்தொப்பியில் 'தொப்பி' தமிழா என்பது பற்றித் தனியே எழுதுகிறேன்.