போர்ட்: துறையா, வாயிலா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

'போர்ட்' என்பதற்குத் 'துறை' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன என்று இங்கே கேட்டிருந்தார்கள். கப்பல் வந்து நிற்கும் போர்ட்டுக்குத் துறை மிகச் சரி. பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் அப்படி வந்த பெயர்கள்தாம். கணினியில் தகவல் வந்துபோகும் போர்ட்டுக்கு மட்டும் அது வேண்டாம், 'வாயில்' போதும் என்கிறேன்.

ஆங்கிலத்தின் அந்த ஒற்றை ஒலிக்குள் மூன்று லத்தீன் சொற்கள் இருக்கின்றன. 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம், 'போர்ட்டா' என்றால் வாசல், 'போர்ட்டாரே' என்றால் சுமந்து செல்வது. இன்னும் பின்னால் போனால் மூன்றும் 'கடந்து செல்லுதல்' என்ற பொருளுடைய ஒரே வேரில் சேர்கின்றன. ஆனால் லத்தீனிலேயே அவை தனித்தனிச் சொற்களாகிவிட்டன.

துறைமுகக் கிளையில் வருவது போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம், அந்த ஊர்வழி ஏற்றுமதியான போர்ட் ஒயின், ஏன், போர்ச்சுகல் என்ற நாட்டுப் பெயருமே. கப்பலின் இடப்பக்கத்தைப் போர்ட் என்பதற்கும் ஒரு கதை உண்டு. பழைய கப்பல்களில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. அது கரையில் மோதாமலிருக்க இடப்பக்கத்தைக் கரையோடு சேர்த்துக் கட்டுவார்கள். அந்தப் பக்கத்தை முன்பு 'லார்போர்ட்' என்றார்கள். வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. காற்றிரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டதால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை 'லார்போர்ட்' வேண்டாம், 'போர்ட்' என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது. குழப்பம் தரும் சொல்லை ஒரு கடற்படையே மாற்றியிருக்கும்போது நாம் மாற்றத் தயங்க வேண்டியதில்லை.

நம் கணினிப் போர்ட் வாசல் கிளையைச் சேர்ந்தது. போர்க்கப்பலின் பக்கச்சுவரில் பீரங்கி நீட்ட விட்ட திறப்பும் அதே சொல்தான். உள்ளே போக, வெளியே வர ஒரு திறப்பு, அவ்வளவுதான்.

சரி, சொற்பிறப்பை விடுங்கள், புழக்கத்தில் வைத்துப் பார்ப்போம். "22-ஆம் துறையை மூடிவிடுங்கள்" என்று எழுதினால் ஏதோ அரசு அலுவலகத்தை மூடச் சொல்வதுபோல இருக்கிறது. "22-ஆம் வாயிலை மூடிவிடுங்கள்" என்றால் புதிதாகக் கற்பவருக்கும் புரியும். வலையமைப்பில் ஒரே கணினிக்கு 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட, கண்ணுக்குத் தெரியாத வாயில்கள். வலைப்பக்கம் 80 அல்லது 443 வழியாக வரும், அஞ்சலுக்கு 25. ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டும் உள்ளே வாங்குகிறது. இந்தப் பொருளில் தமிழ் 'வாயில்' என்பதை எப்போதோ ஆண்டிருக்கிறது. குறளில் 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்று வருகிறதே, அங்கே உடல் ஒன்று, வாயில் ஐந்து. கண்ணுக்கு ஒளி, செவிக்கு ஒலி. போர்ட்டை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கணினிச் சுற்றுகளின் அடிப்படை உறுப்பான லாஜிக் கேட்டுக்கும் வாயில் என்கிறோமே என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு இலங்கைப் பாடநூல்கள் 'படலை' (வேலியில் வைக்கும் கதவு) என்கின்றன. அழகான, குறுகிய சொல். அதைத் தமிழகமும் எடுத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. 'நுழைவாயில்' ஒரு வலையமைப்பை இன்னொன்றோடு இணைக்கும் கேட்வேக்கே இருக்கட்டும். கூட்டுச்சொல்லாக இருப்பதால் பிரித்தறியலாம்.

யூஎஸ்பி, எச்டிஎம்ஐ போன்றவை கையால் தொட்டுச் செருகுபவை. அவற்றுக்கு 'இணைப்புவாய்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால் நாமும் சொல்லியாக வேண்டுமா?

அப்புறம், மென்பொருளைப் 'போர்ட்' செய்வது, அதாவது ஓர் இயங்குதளத்துக்கு எழுதியதை இன்னொன்றில் ஓடும்படி மாற்றுவது. இது சுமக்கும் கிளை. இதற்குத் துறையும் உதவாது, வாயிலும் உதவாது. மொழிபெயர்ப்பு என்ற அருமையான முன்மாதிரி நம்மிடம் இருக்கிறது. அதன் வழியில் 'தளப்பெயர்ப்பு' என்கிறேன். "லினக்சிலிருந்து விண்டோசுக்குத் தளம்பெயர்த்தார்கள்" என்று வினையாகவும் வரும். பெயருக்கும் வினைக்கும் ஒருசேர வளைந்துகொடுக்காத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடுகிறது.

மிச்சமிருப்பது கைபேசி எண். எண்ணை மாற்றாமல் சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி இந்தியா முழுவதும் 2011 சனவரியில் வந்தது முதல் 'போர்ட்' என்று 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, "நம்பரைப் போர்ட் பண்ணிட்டேன்" என்கிறோம். இங்கே எண் அப்படியே இருக்கிறது, நிறுவனம்தான் மாறுகிறது. 'எண்பெயர்ப்பு' என்றால் எண்ணே மாறியதாகப் பொருள்படும். 'எண்ணோடு மாறுதல்' என்பது வரைதான் என்னால் வர முடிந்தது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.